வெங்காயக் காட்டுக்கு ஒரு பாட்டில் வெள்ளி

அரியலூர் ரயில் நிலையத்தில் இறங்கியபோது ஐப்பசி மாதம், மாலை நான்கு மணி. மழை சற்று முன்புதான் விட்டிருந்தது. நடைமேடையில் தேங்கிய நீரின் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய ஏடு படர்ந்திருந்தது. சிமென்ட் தூசு என்று என்னோடு இறங்கியவர் சொன்னார். அப்படியே, "நீங்க எந்த ஊருங்க?" என்றும் கேட்டார். மலேசியா என்றேன். "அங்கேருந்து அரியலூருக்கா?" என்றார். அந்தக் கேள்வியை அடுத்த பத்து நாளில் குறைந்தது இருபது பேர் என்னிடம் கேட்டார்கள்.

வந்த காரணம் இது. ஈப்போவில் ஒரு தமிழ் நாளிதழில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, கேமரன் மலையில் குடியேறி, அங்குள்ள காய்கறி விவசாயிகளுக்காக மாதம் ஒரு சிற்றிதழ் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். தக்காளி, முட்டைக்கோஸ், குடைமிளகாய். பனியும் மழையும் ஓயாத இடம். ஆகவே பூஞ்சண நோயும் ஓயாது. 2006இல் ஒரு விற்பனையாளர் மலையேறி வந்தார். வெள்ளியை மிக மிக நுண்ணிய துகள்களாக்கி நீரில் மிதக்கவிட்ட மருந்து வைத்திருந்தார். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் ஆயிரக்கணக்கான துகள்களை வரிசையாக நிறுத்தலாம் என்றார். நானோ என்ற சொல்லை மூச்சுக்கு ஒரு முறை சொன்னார். இலையில் விழும் பூஞ்சண வித்துகளை அந்தத் துகள்கள் முளைக்கவிடாதாம். தமிழ்நாட்டில், பெரம்பலூரில், சின்ன வெங்காயத்தில் நோயை நிறுத்திவிட்டது என்று ஒரு படத்தையும் நீட்டினார். பச்சை வயல், நடுவில் சிரிக்கும் ஒரு பெண்.

எங்கள் விவசாயிகள் படத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். "நீங்க போயி அந்த வயலைப் பார்த்துட்டு வந்து எழுதுங்க. அதுக்கப்புறம் வாங்குறதப் பத்திப் பேசுவோம்" என்றார்கள்.

அரியலூரிலிருந்து பெரம்பலூருக்குப் பேருந்து. பெரம்பலூரில் ரயில் கிடையாது. அப்போது அரியலூரைப் பெரம்பலூர் மாவட்டத்தோடு சேர்த்துவிட்டிருந்தார்கள். எனக்கு முன் இருக்கையில் இருந்தவர் பக்கத்துக்காரரிடம் அதைப் பற்றித்தான் பொருமினார். "ரயில் இருக்கிறது எங்க ஊருல, கலெக்டர் இருக்கிறது அவுங்க ஊருல. ஒரு கையெழுத்துக்கு ஒரு நாள் போவுது." பக்கத்துக்காரர், "கலெக்டரு ரயில்ல ஏறி ஓடிடக் கூடாதுன்னுதான் அங்க வச்சிருக்காங்க" என்றார்.

பாதி வழியில் பேருந்து நின்றது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று சாலையோரச் சேற்றில் இறங்கி, பின்பக்கம் சாலையை அடைத்து நின்றது. இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் பெரம்பலூரிலிருந்து வந்த பேருந்து. அரை மணி நேரம் பார்த்துவிட்டு இரண்டு நடத்துநர்களும் லாரிக்கு அடியில் குனிந்தபடியே பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். எங்கள் ஆட்கள் அந்தப் பேருந்துக்கு, அந்த ஆட்கள் எங்கள் பேருந்துக்கு. இரண்டும் வந்த வழியே திரும்பும். தலையில் மூட்டையுடன் இரண்டு கூட்டங்கள் சேற்றில் எதிரெதிராக நடந்து கடந்தன. கைமாறிப்போன ஒரு ஆட்டுக்குட்டிக்காக மட்டும் இரண்டு பேருந்தும் ஐந்து நிமிடம் காத்திருந்தன. எங்கள் நாட்டில் இதற்கு ஒரு அதிகாரி வந்து, ஒரு படிவம் நிரப்பி, மறுநாள் காலை ஆகியிருக்கும்.

பெரம்பலூர் விடுதியில் குளித்தபோது சோப்பு நுரைக்கவில்லை. சோப்பு மட்டம் என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். அது தப்பு என்று மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

மறுநாள் காலை மருந்துக்கடை. உரம், விதை, பூச்சிமருந்து விற்கும் கடையைத்தான் இங்கே மருந்துக்கடை என்கிறார்கள். கடைக்காரர் சேகருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் விபூதி, சட்டைப்பையில் இரண்டு செல்போன். வெள்ளி மருந்தை இந்தப் பகுதிக்கு எடுத்து விற்பவர் அவர்தான். நான் கொண்டுவந்த படத்தைக் காட்டினேன்.

"நான் எடுத்த படம்தாங்க மேடம்" என்றார், பெருமையாக.

"மருந்து அடித்து எத்தனை நாள் கழித்து எடுத்தது?"

சேகர் படத்தைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் பதில் இருப்பதுபோல். "அடிச்ச அன்னிக்கு எடுத்ததுங்க. கம்பெனியில உடனே கேட்டாங்க."

"நோய் நின்றதா?"

"அத அந்தக் காட்டுலேயே போயிப் பாத்துடலாங்க" என்றார். அவரும் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

அவருடைய மோட்டார் சைக்கிளில் அரியலூர் சாலையிலேயே திரும்பி வந்து, பிரிந்து உள்ளே போனோம். மழை பெய்தும் வெளிறிப்போன மண். இங்கே மானாவாரி நிலத்தையும் கிணற்றுப் பாசன நிலத்தையும் ஒன்றுபோலக் காடு என்றே சொல்கிறார்கள். மக்காச்சோளக் காடு, பருத்திக் காடு, வெங்காயக் காடு. படத்தில் சிரித்த பெண், ஒரு ஏக்கர் வெங்காயத்துக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து செடிகளைப் பிடுங்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். பெயர் தனலட்சுமி, ஊரில் தனம். நாற்பது வயதை ஒட்டியவர்.

சேகரைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்க சார். படம் புடிக்க வந்தீங்களா? போன தடவ சிரிச்சேன். இப்பவும் சிரிக்கச் சொல்லுங்க பாப்போம்."

சேகர் என்னை அறிமுகப்படுத்தினார். மலேசியா என்றதும் தனத்தின் கோபம் ஒரு நொடி நின்றது. பிறகு கையில் இருந்த செடியை என்னிடம் நீட்டினார். குழல்போல் நேராக நிற்கவேண்டிய தாள்கள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தன. தாளில் வெளிறிய நீள்வட்டப் புள்ளிகள். கழுத்து நீண்டு, அடியில் வெங்காயம் பருக்காமல் விரல்போல் ஒல்லியாக இருந்தது. அதிகாரிகள் இதைத் திருகல் நோய் என்கிறார்கள். ஊரில் கோழிக்கால்.

"மூணு வாரத்துக்கு முன்னாடி இந்த வெள்ளி மருந்த அடிச்சேன்க்கா. அடிக்காத மாதிரியே ஏறிக்கிட்டுப் போவுது."

வரப்பில் நின்றிருந்தவர் அவர் கணவர் ராசேந்திரன், சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுநர். "அடுத்த வெள்ளிக்கெழம டிராக்டருக்குச் சொல்லிட்டேன். ஒழுதுட்டு மக்காச்சோளம் போட்டா ஈரத்துக்கு மொளச்சிடும். இவ கேக்க மாட்டேங்கிறா" என்றார், வந்ததும் வராததுமாக என்னை நடுவராக்கி.

"மக்காச்சோளம் எப்ப வேணா போடலாம்" என்றார் தனம். "வெதை போச்சுன்னா?"

அது என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். சின்ன வெங்காயத்துக்கு வெங்காயம்தான் விதை. ஒவ்வொரு அறுவடையிலும் நல்லதைப் பொறுக்கி, காற்று போகும்படி கழிகளால் கட்டி மேலே கீற்று வேய்ந்த பட்டறை என்னும் நீளக் கூண்டில் சேமித்து, அடுத்த பட்டத்துக்கு ஊன்றுகிறார்கள். தனம் கல்யாணமாகி வந்ததிலிருந்து வெளியில் விதை வாங்கியதில்லை. அழுத்தமான சிவப்பு, நான்கு மாதம் வைத்தாலும் அழுகாத ரகம். பக்கத்து ஊர்க்காரர்கள்கூட வந்து கேட்டு வாங்கிப் போவார்களாம். இருந்த விதை முழுவதும் இந்த ஏக்கரில் ஊன்றியாயிற்று. இது போனால் அந்த ரகம் போயிற்று.

"இன்னும் ரெண்டு பாட்டில் இருக்கு. வெள்ளிக்கெழமைக்குள்ள இன்னொரு தடவ அடிப்பேன்" என்றார் தனம். ராசேந்திரன் வரப்பிலிருந்து இறங்கிப் போனார். டிராக்டரை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன்.

அன்றே விடுதியைக் காலி செய்தேன். தனம்தான் கூப்பிட்டார். "எதுக்கு லாட்ஜி? எங்க வூட்டுல எடம் இருக்கு. பாக்கத்தான வந்தீங்க? இங்கேருந்தே பாருங்க." இரவுச் சாப்பாடு சோறும் கருவாட்டுக் குழம்பும். பிடுங்கிப் போட்ட நோயில்லாத வெங்காயத்தாளை நறுக்கி, தேங்காய் போட்டுப் பொரியல். எங்கள் மலையில் சீனர்கள் வெங்காயத்தாளை முட்டையோடு கிளறுவார்கள். இது அதைவிடக் காரமாக, இனிப்பாக இருந்தது. மறுநாள் காலையில் தனத்திடம், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டதற்கு அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காலை உணவை அப்படிக் கேட்பது எங்கள் நாட்டு வழக்கம். "பசி இருந்தாத்தானக்கா ஆறும்" என்றார். படத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

மூன்றாம் நாள் மருந்தடிக்கும் கோவிந்தன் வந்தார். முதுகில் கைத்தெளிப்பான், தலையில் துண்டு. டேங்குக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஆள். ஆகவே ஊர்க்காரர்கள் ஒரு தடவை தெளிப்பதிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்வார்கள்: பூச்சிக்கு ஒன்று, பூஞ்சணத்துக்கு ஒன்று, சத்துக்கு ஒன்று, எல்லாம் ஒரே டிரம்மில். கோவிந்தன் இதைச் சாம்பார் வைப்பது என்கிறார்.

போர் தண்ணீரை டிரம்மில் பிடித்தார். கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீர். பிறகு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் குவளையில் அதே தண்ணீரை மொண்டு, வெள்ளி மருந்தைக் கரைக்க அதில் கொஞ்சம் ஊற்றினார். பாட்டிலில் மருந்து தேநீர் வடித்த நிறத்தில், மஞ்சளாக இருந்தது. குவளையில் விழுந்தும் முதலில் மஞ்சள்தான். கோவிந்தன் குச்சியால் கலக்கினார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் மங்கி, அழுக்காகி, சாம்பலானது.

செய்தியாளர் வேலையில் முதலில் கற்றுத்தருவது, நடப்பதில் கை வைக்காதே என்பது. "நிறுத்துங்கள்" என்று கத்தினேன்.

கோவிந்தன் பயந்து குச்சியைக் கீழே போட்டுவிட்டார். "என்னாக்கா? போன தடவையும் இப்பிடித்தான் ஆச்சு. மருந்து வேல செய்ய ஆரம்பிச்சிடுச்சுன்னு நெனச்சோம்."

மலையில் விற்பனையாளர் தந்த குறிப்புத்தாளை நான் முழுவதும் படித்திருந்தேன். துகள்கள் தனித்தனியாக மிதக்கும்வரை அந்த மஞ்சள் நிறம். ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிட்டால் சாம்பல் நிறம். பிறகு அடியில் வண்டலாகப் படியும். அந்த நிலையில் அது வெறும் வெள்ளித் தூள். எங்கள் மலையில் அடித்துக் காட்டியபோது நிறம் மாறவில்லை. அங்கே ஓடை நீர்.

சேகருக்குத் தொலைபேசினேன். "சுத்தமான தண்ணியில கலக்கணும்னுதாங்க போட்டிருக்கு. போர் தண்ணியவிடச் சுத்தம் எது?" என்றார். தனமும் அதைத்தான் சொன்னார். "ஏரித்தண்ணி கலங்கலா இருக்குன்னுதான்க்கா போர் தண்ணி எடுத்தோம்."

தண்ணீரில்தான் கோளாறு என்று எனக்குச் சந்தேகம். என்ன கோளாறு என்று சொல்லத் தெரியவில்லை. கோவிந்தன் டிரம்மைக் கவிழ்த்துவிட்டு வேறு காட்டுக்குப் போய்விட்டார்.

விடை மதியம் அடுப்படியில் கிடைத்தது. தனம் பருப்பு வேகவைக்க, குழாயடியில் இருந்த குடத்தை விட்டுவிட்டு, மூலையில் மூடிவைத்திருந்த வேறொரு குடத்திலிருந்து மொண்டார். ஏன் என்று கேட்டேன்.

"இது நல்ல தண்ணி. ஏரிக்கரக் கெணத்துது. போர் தண்ணியில பருப்பு வேவாதுக்கா. உச்சிக்கு வச்சா பொழுது சாய்ற வரைக்கும் கல்லு மாதிரியே கெடக்கும்."

"சோப்பு?"

"நொரைக்கவே நொரைக்காது. எங்கூட்டுக்காரரு ஏத்துற கல்லுதான்க்கா அடியில பூரா. அதுல ஊறி வர்ற தண்ணி வேற எப்பிடி இருக்கும்?"

சொல்லிவிட்டுத் தனமே கரண்டியோடு நின்றார். பருப்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. "அக்கா, பருப்பு வேவாத தண்ணியில மருந்து மட்டும் எப்பிடிக் கரையும்?"

சோதித்துப் பார்த்துவிடலாம் என்றேன். வீட்டில் எல்லாம் எவர்சில்வர் தம்ளர். அதில் நிறம் தெரியாது. டீக்கடைக்குப் போய் மூன்று கண்ணாடி கிளாஸ் விலைக்குக் கேட்டேன். கடைக்காரர் நம்பவில்லை. "டீய வாங்கினா கிளாசு சும்மா வரும், கிளாசத் திருப்பிக் குடுக்கணும். அதாங்க யாவாரம்" என்றார். மருந்து ஊற்றப் போகிறேன், திருப்பித் தரமாட்டேன் என்றதும் விரைவாகவே விற்றுவிட்டார்.

ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் ஏரித்தண்ணீர், ஒன்றில் நல்ல தண்ணீர். மூன்றிலும் ஒரே அளவு மருந்து. சுவர்மேல் வரிசையாக வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். கை கழுவி வந்து பார்த்தபோது போர் தண்ணீர் சாம்பலாகிவிட்டது. ஏரித்தண்ணீர் ஏற்கெனவே கலங்கல். மருந்து மண்ணோடு சேர்ந்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. நல்ல தண்ணீர் மஞ்சளாகவே நின்றது. மாலையில் வந்த ராசேந்திரன் மூன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். போர் தண்ணீர் கிளாசின் அடியில் கரும்பொடி படிந்திருந்தது. "அப்ப போன தடவ நாம அடிச்சது?" என்று கேட்டார். "வெறுந் தண்ணி" என்றார் தனம்.

இப்போது வேறொரு தொல்லை. ஏரிக்கரைக் கிணறு ஊர் முழுவதும் குடிக்கும் கிணறு. மருந்து டேங்கோடு யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாது என்பது ஊர்க்கட்டு. டேங்க் மட்டுமல்ல, மருந்துக் காட்டுக்குப் போன குடம்கூடத் திரும்பிக் கிணற்றுக்கு வரக்கூடாது. அதனால்தான் எவருக்கும் அந்தத் தண்ணீரில் மருந்து கலக்கத் தோன்றவே இல்லை.

நான்காம் நாள் காலையில் தனம் இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாகக் கிளம்பினார். கிணற்றடியில் ஐந்தாறு பெண்கள். நடுவில் தனத்தின் ஓரகத்தி மல்லிகா. கணவர்கள் இருவரும் அண்ணன் தம்பி. விஷயம் அதற்குள் அங்கே வந்து சேர்ந்திருந்தது.

"ஏன்டி தனம், வெங்காயத்துக்குக் குடிக்கிற தண்ணி வேணுமாமே? அடுத்தாப்புல அதுக்குக் காப்பி போட்டுக் குடுப்பியா?" என்றார் மல்லிகா.

"போட்டா உனக்கும் ஒரு தம்ளர் தரேன்க்கா. மொதல்ல கயித்த வுடு."

"கொடம் காட்டுக்குள்ள போயிட்டு இங்க திரும்பி வந்துச்சு, பஞ்சாயத்தக் கூட்டிப்புடுவேன்."

"போவாது. எல்லைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மலேசியாக்கா."

அந்த ஏற்பாடு எனக்கு அப்போதுதான் தெரியும். வரப்பு வரை தனம் கொண்டுவருவார். வரப்புக்கு அந்தப் பக்கம், காட்டுக்கென்றே ஒதுக்கிய பழைய பிளாஸ்டிக் குடத்தோடு நான் நிற்கவேண்டும். குடத்துக்குக் குடம் தொடாமல் ஊற்றுவார். நான் சேற்றில் நடந்து டிரம்மில் சேர்க்கவேண்டும். ஒரு டிரம் நிறையப் பதினாலு குடம். மூன்றாவது நடையில் வழுக்கி உட்கார்ந்தேன். ஒன்பதாவதில் தனம் மூச்சு வாங்கினார். பத்தாவது குடத்தை வரப்பில் கொண்டுவந்து வைத்தது மல்லிகா.

"நான் ஒண்ணும் இவளுக்காகத் தூக்கல. இவ போற வேகத்துக்கு மத்தியானம் வரைக்கும் கெணத்தடிய அடச்சிக்கிட்டு நிப்பா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இன்னும் மூன்று குடம் கொண்டுவந்தார்.

மாலை நான்கு மணிக்குத் தாள்களில் ஈரம் காய்ந்தது. கோவிந்தன் வந்தார். கலந்த மருந்து மஞ்சளாகவே இருந்தது. "இது மட்டுந்தானா? பூச்சிக்கு ஒண்ணும் ஊத்தலியா? உப்பில்லாத சாம்பாரா இருக்கே" என்றார். தனம் எதையும் சேர்க்க விடவில்லை. இரண்டு பாட்டிலுக்கு அரை ஏக்கர்தான் வரும். நோய் குறைவாக இருந்த மேற்குப் பாதியைத் தேர்ந்தெடுத்தார்.

அதில் நான்கு பாத்திகளை அடிக்காமல் விடச் சொன்னேன். ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழியில்லை. கிழக்குப் பாதி ஏற்கெனவே மோசம், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தனம் பாத்திகளைத் திரும்பிப் பார்த்தார். "நாலு பாத்தி வெதைக்கா" என்றார். பிறகு சிவப்புத் துணியைக் கிழித்துத் தானே நான்கு மூலையிலும் குச்சி நட்டுக் கட்டினார்.

அடுத்த மூன்று நாளும் காலையும் மாலையும் எண்ணுவதுதான் வேலை. அடித்ததில் நான்கு பாத்தி, அடிக்காததில் நான்கு பாத்தி. முறுக்கிய செடிகளுக்குக் குச்சி நட்டோம். மறுநாள் குச்சி இல்லாத செடி முறுக்கியிருந்தால் அது புதியது. ஆறாம் நாள் மழை கொட்டியது. நோய்க்கு அதுபோன்ற வாய்ப்பு வேறில்லை. தனம் வீட்டுக்குள் இருக்கமுடியாமல் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வரப்பில் போய் நின்றார்.

ஏழாம் நாள் நான் அரியலூர் போய் இணைய மையத்தில் மின்னஞ்சல் பார்த்தேன். எங்கள் விவசாயிகளிடமிருந்து ஒரு வரி: வேலை செய்கிறதா இல்லையா, ஒரே சொல்லில் சொல்லுங்கள். விரிவாகப் பதில் எழுதத் தொடங்கினேன். கரண்ட் போயிற்று. வந்ததும் மறுபடி எழுதினேன். மறுபடி போயிற்று. மூன்றாம் முறை "பொறுங்கள்" என்று மட்டும் அடித்து அனுப்பிவிட்டு, பேருந்து நிலையத்தில் பரோட்டா சாப்பிட்டுத் திரும்பினேன். எங்கள் ஊர் ரொட்டி சானாயைவிட அடுக்கு அதிகம், எண்ணெயும் அதிகம். சால்னாவை ஊற்றியவர், போதும் என்று நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே டிராக்டர் வந்துவிட்டது. நாங்கள் எண்ணி முடித்திருக்கவில்லை. டிராக்டர்காரர் எஞ்சினை நிறுத்தாமல், "எங்கேருந்து எது வரைக்கும்?" என்று கத்தினார். ராசேந்திரன் தனத்தைப் பார்த்தார். தனம், "நில்லு" என்று கையைக் காட்டிவிட்டுக் குனிந்தபடியே எண்ணினார்.

மருந்து அடித்த பாத்திகளில் புதிதாக முறுக்கியவற்றை விரல்விட்டு எண்ண முடிந்தது. பழைய நோய்ச் செடிகள் தேறவில்லை. அவை முறுக்கினது முறுக்கினதுதான். சிவப்புத் துணி கட்டிய பாத்திகளில் மழைக்குப் பிறகு நட்ட குச்சிகளை எண்ணி எழுத எனக்கு ஒரு பக்கம் போதவில்லை. ராசேந்திரனும் நடந்து வந்து பார்த்தார். இரண்டு பக்கத்தையும் இரண்டு தடவை பார்த்தார்.

"கெழக்குப் பாதிய ஒழுது வுட்டுடு" என்றார் டிராக்டர்காரரிடம். "இந்தப் பாதி இருக்கட்டும். அவ வெதைக்கி."

கிழக்கே கலப்பை இறங்கியது. தனம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நேராகச் சிவப்புத் துணிப் பாத்திகளுக்குள் இறங்கிச் செடிகளைப் பிடுங்கத் தொடங்கினார். நோய்ச் செடி, நல்ல செடி என்று பார்க்கவில்லை. கூண்டோடு பிடுங்கினார்.

"தனம், அதை அறுவடை வரை விட்டால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்" என்றேன்.

"உங்களுக்குக் காட்டுறதுக்காக நோய வூட்டுல வச்சிக்கிட்டு இருக்க முடியாதுக்கா. இங்கேருந்து காத்தடிச்சா அங்க போயிடும். நீங்க எழுதணும், எனக்கு வெதை வேணும்." பிடுங்குவதை நிறுத்தாமலே சொன்னார். குறிப்பேட்டை வரப்பில் வைத்துவிட்டு நானும் இறங்கிப் பிடுங்கினேன். பத்து மணிக்குள் நான்கு நாள் ஒப்பீடு ஒரு குவியலாகிவிட்டது. ஈரத்தில் எரியாது என்று ராசேந்திரன் குழி வெட்டிப் புதைத்தார்.

மறுநாள் நான் கிளம்பினேன். சிற்றிதழில் ஒரே சொல்லில் எழுதவில்லை; இரண்டு பக்கம் எழுதினேன். படம் மருந்தடித்த அன்று எடுத்தது. முதல் முறை மருந்து வீண், காரணம் தண்ணீர். இரண்டாம் முறை புதிய நோய் பரவுவது குறைந்தது. வந்த நோய் போகவில்லை. ஒப்பிடுவதற்கு விட்ட பாத்திகள் மருந்தடித்த நான்காம் நாளோடு முடிந்துவிட்டன; அதற்கு மேல் எனக்குத் தெரியாது. எங்கள் விவசாயிகளில் பாதிப் பேர் வாங்கினார்கள், பாதிப் பேர் வாங்கவில்லை. விற்பனையாளர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

தை முடியும் சமயம் தனம் சேகரின் கடையிலிருந்து அழைத்தார். வெளிநாட்டு அழைப்பு என்பதால் மூச்சுவிடாமல் பேசினார். மேற்குப் பாதி அறுத்தாகிவிட்டது. கார்த்திகைக் கடைசியில் நல்ல வெயில். பொறுக்கியதில் விதைக்கு ஆனது பட்டறையில் பாதிக்கும் கொஞ்சம் மேலே. ஒரு வெங்காயத்தைக்கூட விற்கவில்லை. மல்லிகா கேட்டதற்குக்கூட, அடுத்த வருசம் என்று சொல்லிவிட்டார்.

"மருந்து காப்பாற்றியதா, வெயில் காப்பாற்றியதா?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? நீங்க எண்ணுறதுக்குள்ளதான் நான் புடுங்கிட்டேனே." பின்னால் சேகர் நேரமாயிற்று என்று சொல்வது கேட்டது. தனம் குரலை உயர்த்தினார். "இப்ப எங்கிட்ட வெதை இருக்குக்கா. வர்ற ஐப்பசிக்கு எட்டு பாத்தி அடிக்காம வுடுறேன். அறுக்கிற வரைக்கும் கை வைக்க மாட்டேன். வந்து எண்ணுங்க."